ஒரு வாய் ஓடைத் தண்ணீர்

செங்காலி என்ற நண்டு மலையடிவாரத்து ஓடையில் வாழ்ந்தாள். மேலே சரிவு முழுக்க முட்டைக்கோஸ் தோட்டம். காட்டுப்பன்றி மொத்தன்தான் முதலாளி. முயல்கள் வேலையாட்கள்.

முன்பு அங்கே சோலை இருந்தது. மொத்தன் மரங்களைச் சாய்த்தான். வருடத்துக்கு மூன்று போகம் எடுத்தான். மண் களைத்தது; மூட்டை மூட்டையாக உரம் கொட்டினான். புழு வந்தது, வாரம் இருமுறை மருந்தடித்தான். மழை பெய்தால் அத்தனையும் கரைந்து ஓடைக்கு வந்தது.

ஒரு நாள் காலையில், செங்காலி வயிற்று மடிப்பில் சுமந்திருந்த குஞ்சுகள் அசையவில்லை. ஒன்றுகூட அசையவில்லை. சுற்றிலும் அயிரை மீன்கள் செத்து மிதந்தன.

செங்காலி அழுதாள். பிறகு மேட்டில் ஏறினாள். அவள் கால்களுக்கு அது அரைநாள் பயணம்.

"மருந்தை நிறுத்துங்கண்ணே! ஓடை செத்துக்கிட்டிருக்கு!"

மொத்தன் சிரித்தான். "என் மருந்து புழுவைத்தான் கொல்லும். தண்ணிக்கு ஒண்ணும் ஆகாது! இந்தா, ரெண்டு கோஸ் எடுத்துக்கிட்டு வாயை மூடு!"

செங்காலி அந்தக் கோஸைக் கொடுக்கால் கிழித்தெறிந்தாள். "என் பிள்ளைங்களுக்கு இதுவா விலை?"

அறுவடை நாள் வந்தது. மான்களும் குரங்குகளும் முள்ளம்பன்றிகளும் காய் வாங்கக் கூடியிருந்தன. செங்காலி மறுபடி வந்தாள். அவளோடு வந்த நீர்நாய் ஒரு மூங்கில் குழாயில் ஓடைத் தண்ணீரைச் சுமந்து வந்தது.

செங்காலி கோஸ் குவியலின் உச்சியில் ஏறி நின்றாள். "தண்ணிக்கு ஒண்ணும் ஆகலைன்னா, எல்லார் முன்னாடியும் ஒரு வாய் குடிங்க!"

மொத்தன் முகர்ந்து பார்த்தான். முகம் சுளித்தான். "எனக்குத் தாகமில்ல!"

"தாகம் வர்ற வரைக்கும் இங்கேயே நிக்கிறேன்!"

"மிதிச்சே கொன்னுடுவேன்!"

"மிதிங்க! எல்லாரும் பார்க்கட்டும்!"

வெயில் ஏறியது. செங்காலியின் ஓடு காய்ந்தது. அவள் நகரவில்லை. மொத்தனுக்கு நாக்கு வறண்டது. "டேய், உச்சிச் சுனையிலிருந்து தண்ணி கொண்டா!" என்று ஒரு முயலை ஏவினான்.

முயல் அசையவில்லை. "நாங்க தினமும் ஓடைத் தண்ணிதானே குடிக்கிறோம் முதலாளி! உங்களுக்கு மட்டும் ஏன் சுனைத் தண்ணி?"

முயல் தோளிலிருந்த மருந்து டப்பாவைக் கீழே போட்டது. அடுத்த முயலும் போட்டது. மான்கள் கோஸைத் தொடாமல் திரும்பின.

அதன்பின் எவ்வளவு கூப்பிட்டும் ஒரு முயல்கூட வேலைக்கு வராததால் மொத்தன் சரிவை விட்டே போனான். முயல்கள் பாதி நிலத்தில் மரம் நட்டன. மீதியில் மருந்தில்லாமல் விதைத்தன. ஓடை தெளிய மூன்று மழைக்காலம் ஆனது. செங்காலி மறுபடி குஞ்சுகளைச் சுமந்தாள்.

ஊர் குடிக்கும் தண்ணீரைக் கெடுத்துவிட்டு 'ஒன்றும் ஆகாது' என்பவன் எவ்வளவு பெரியவனானாலும், 'முதலில் நீ குடி' என்று நேருக்கு நேர் கேட்க வேண்டும்.