வாசலில் சொல்ல வேண்டிய சொல்

"டீச்சர், அந்த மனுசி என்னைக் கள்ளன் எண்டு நினைக்குது."

வந்ததும் வராததுமாகச் சொன்னார் குகநேசன். யாழ்ப்பாணத்து ஆள், வயது ஐம்பத்திரண்டு. பலெர்மோ நகரில் தனியாக வாழும் ஓர் இத்தாலியக் கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நிறைமதி டீச்சரிடம் இத்தாலி மொழி படிக்க வருவார். டீச்சருக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அதனாலேயே டீச்சர்மேலும் அவருக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

"என்ன நடந்தது அண்ணை?"

"நான் உள்ளுக்குப் போனாலே திடுக்கிட்டுப் பார்க்குது. மகனுக்குப் போன் எடுத்துக் குசுகுசுக்குது. வெள்ளிக்கிழமையோட வேலை இல்லையாம். வேலை போனா விசாவும் போச்சு. ஆறு மாசத்தில ஒரு கரண்டி எடுத்திருப்பனோ? எல்லாம் நிறத்தைப் பார்த்து வாற சந்தேகம்!"

"எப்பிடி உள்ளுக்குப் போவியள்?"

"வீட்டுத் திறப்புத் தந்திருக்கினம். கதவைத் திறந்துகொண்டு போவன். சத்தம் போடாமல், மரியாதையா."

"பெர்மெஸ்ஸோ எண்டால் தெரியுமோ?"

"தெரியாமலோ! விசா அட்டை. அதுக்காகப் பொலிஸ் கந்தோரில நாலு தரம் வரிசையில நிண்டனான்."

"பஸ்ஸில ஆக்களை விலத்தி இறங்கேக்கையும் அதைத்தான் சொல்லுறது. ஒருத்தற்றை வீட்டுக்குள்ள கால் வைக்க முதலும் சொல்லுறது, 'வரலாமோ' எண்டு. அவையே கூப்பிட்டாலும் சொல்லுறது."

"திறப்பைத் தந்தது அவைதானே? பிறகென்ன கேட்கிறது?"

"எழுதிப் பழகுங்கோ" என்றுவிட்டு டீச்சர் தேத்தண்ணி வைக்கப் போனார்.

குகநேசன் குனிந்து எழுதினார்.

நிமிர்ந்தால், தோளுக்குப் பின்னால் டீச்சர். காலில் செருப்பில்லை.

"ஐயோ முருகா!" துள்ளி எழும்பினார். கொப்பி கீழே விழுந்தது. "இதென்ன பழக்கம், களவெடுக்க வந்த மாதிரி?"

"மரியாதையாத்தான் வந்தனான், அண்ணை."

அவருக்குக் கோபம் அடங்கவில்லை. தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டார்.

திங்கள் காலை. கிழவியின் வீட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே போகவில்லை. அப்படி நிற்க வெட்கமாக இருந்தது.

"பெர்மெஸ்ஸோ."

சத்தமில்லை. மகனுக்குத்தான் போன் எடுக்கிறாளாக்கும் என்று நினைத்தார்.

"யார், குகாவா? அவாந்தி! உள்ளே வா, வா."

போனார். கிழவி நாற்காலியில் இருந்தாள். மடியிலிருந்த போர்வைக்குள் கைவிட்டு, ஒரு பெரிய கத்தரிக்கோலை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இதைக் கொண்டுபோய்ச் சமையலறையில் வை. ஆறு மாதமாய் இதைப் பிடித்தே கை வலிக்கிறது."