பெட்டியைத் தொடாமல் சொல்

ஓய்வுபெற்ற பொறியாளர் அருணகிரிக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அவரே அப்படித்தான் சொல்வார். குமுதாவின் கடையில் புது ப்ராசஸரும் அதன்மேல் வைக்கும் ஃபேனும் வாங்கி, தன் கையாலேயே மாட்டினார். கம்ப்யூட்டர் முன்னைவிட மெதுவாக ஊர்ந்தது. உடனே குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில், "குமுதா கடையில் விற்பது போலிச் சரக்கு" என்று எழுதிவிட்டார்.

குமுதா நேரே அவர் வீட்டுக்கே வந்தாள்.

"கம்ப்யூட்டர் பெட்டியில நீ கை வைக்கக் கூடாது. தொடாம குறையைச் சொல்லு, பாப்போம்" என்றார் அருணகிரி.

குமுதா சோபாவில் உட்கார்ந்தாள். அதன் பிளாஸ்டிக் கவர் சரசரத்தது. டிவி ரிமோட்டும் கவருக்குள்தான் இருந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது.

"ஃபேனுக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்குமே சார், பிரிச்சீங்களா?"

"புதுப் பொருள்ல ஒட்டினதை எவனாவது பிரிப்பானா?"

"பிரிக்கலைன்னா ப்ராசஸர் சூடு வெளிய போகாது. சூடு ஏறினா அது தானா வேகத்தைக் குறைச்சுக்கும்."

அவரே திறந்து பார்த்தார். தாள் இருந்தது. உரித்து, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் தடவி மாட்டியதும் கம்ப்யூட்டர் பறந்தது.

"சரிம்மா, நீ கிளம்பு."

"போலின்னு எழுதின அதே குரூப்ல, தப்பு உங்க மேலதான்னு எழுதுங்க சார். அதுவரைக்கும் இங்கதான் உக்காந்திருப்பேன். இந்த சோபா கவரையும் உரிச்சிடுங்க, எனக்கும் சூடு தாங்கல."