மடைப்பள்ளித் தலைவர் எழுதாத சாசனம்

முன்னொரு காலத்தில், ஓர் ஆனி மாதம் பதினொன்றாம் நாள், உச்சிவேளை முரசு ஓய்ந்த கையோடு, ஓர் அரசருக்கு இறந்துபோன ஒருவரிடம் கேள்வி கேட்க வேண்டும் என்று தோன்றியது. எந்த நாடு என்று கதையில் இல்லை.

இறந்தவர் அம்பலவாணர், அரண்மனை மடைப்பள்ளித் தலைவர். நாற்பது வருஷம் அரசருக்குச் சமைத்தவர். அவர் போய் இருபது நாள் ஆகியிருந்தது. இருபது நாளும் ரசத்தில் புளி தூக்கலாக இருந்தது. அரசரின் கோபமும் அப்படியே.

அம்பலவாணர் விட்டுப்போனது கோட்டைத் தெருவில் ஒரு வீடு. கொல்லையில் நல்ல தண்ணீர்க் கிணறு. அங்கே இருந்தவள் அவருடைய மருமகள் நல்லமங்கை. அவள் கணவன், அம்பலவாணரின் ஒரே மகன், ஆறு வருஷம் முன்பே காய்ச்சலில் போய்விட்டான். மாமனாருக்குக் கண் மங்கிய பிறகு அவரைக் கைபிடித்து மடைப்பள்ளிக்கு அழைத்துப் போய் வந்தவள் அவள்தான். வேறு போக்கிடம் அவளுக்கு இல்லை.

அந்த வீட்டுக்கு அமைச்சர் தில்லைவாணர் உரிமை கேட்டார். அம்பலவாணர் தமக்கே தந்ததாகச் சொன்னார். தளபதி மழவராயர் எழுந்து, தமக்கே தந்ததாகச் சொன்னார்.

இருவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் சங்கடம். விருந்தாளி யார் வந்தாலும், இரண்டாவது முறை சோறு வைக்கும்போது, "இது உங்க வீடு, கூச்சப்படாம சாப்பிடுங்க" என்று சொல்கிறவர் அம்பலவாணர். ஊரில் பாதிப் பேருக்கு அந்த வீடு இப்படிச் சொந்தமாகியிருந்தது. மற்றவர்கள் கை கழுவிவிட்டு மறந்துபோனார்கள். இந்த இருவர் மறக்கவில்லை.

"மரண சாசனம் எதுவும் இல்லையா?" என்று அரசர் கேட்டார். இன்று நாம் உயில் என்பதை அன்று அப்படிச் சொன்னார்கள்.

அரசாங்க ஓலைகளை எழுதும் பிச்சாண்டி முன்னால் வந்தார். "எழுதச் சொல்லி மூன்று தடவை அவர் வீட்டுக்குப் போனேன், அரசே. மூன்று தடவையும் சாப்பிட வைத்து அனுப்பிவிட்டார். நான் என்ன இப்போதே சாகவா போகிறேன் என்றார்."

அரசர் நெற்றியைத் தேய்த்தார். அமைச்சர் அந்த நேரம் பார்த்து, தூணோரம் உட்கார்ந்திருந்த விகடகவி வடுகநாதன் பக்கம் திரும்பினார். அரசர் அவன் பேச்சுக்குச் சிரிப்பதும், தம் பேச்சுக்குக் கொட்டாவி விடுவதும் அமைச்சருக்கு வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

"எந்தச் சிக்கலையும் அவிழ்க்கும் வடுகநாதர் இருக்க, நமக்கு என்ன கவலை? அம்பலவாணரையே கேட்டு வரட்டுமே" என்றார்.

சபை சிரித்தது. அரசர் சிரிக்கவில்லை. அவருக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது.

"கேட்டு வா, வடுகநாதா. ஐந்து நாள் தருகிறேன். முடியாவிட்டால் வீடு இவர்கள் இருவருக்கும் சரிபாதி."

சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கும் பழக்கம் அந்த அரசருக்கு இல்லை.

வடுகநாதன் நேராகக் கோட்டைத் தெருவுக்குப் போனான். நல்லமங்கை கிணற்றில் நீர் இறைத்து ஒரு செம்பு கொடுத்தாள். குடித்துவிட்டுக் கேட்டான்.

"உன்கிட்ட ஏதாவது சொன்னாராம்மா?"

"எல்லாம் உனக்குத்தானேன்னு சொல்வார்."

"வேறு யாராவது கேட்டாங்களா?"

"கிணத்தடியில வச்சுத்தான் சொன்னார். கிணறு கேட்டிருக்கும்."

"ரெண்டு வரி எழுதிக் கொடுங்கன்னு நீ கேட்டிருக்கலாமே."

"வாய் வரல அண்ணே. எப்போ சாவீங்கன்னு கேட்கிற மாதிரி இருந்துச்சு."

வடுகநாதன் செம்பைத் திருப்பிக் கொடுத்தான். வெளியே வந்தபோது தளபதியின் ஆள் ஒருவன் தெருவில் நின்று, வாசலின் அகலத்தைக் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தான். குதிரை நுழையுமா என்று பார்க்கிறானாம்.

அடுத்துப் பிச்சாண்டியின் வீடு. ஒரு நல்ல சாசனம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டான். இதுவரை யாரும் தானாக வந்து அதைக் கேட்டதில்லை என்பதால் பிச்சாண்டி மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார். எழுதுகிறவர் தெளிந்த புத்தியோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்ல வேண்டும். எந்தச் சொத்து என்று நான்கு எல்லையோடு குறிக்க வேண்டும். யாருக்கு என்று பெயர் சொல்ல வேண்டும். இரண்டு சாட்சிகள் வேண்டும். அந்தச் சாட்சிகளுக்குச் சொத்தில் துரும்பும் சேரக் கூடாது. நாள் குறித்துக் கையெழுத்து வேண்டும்.

"அவ்வளவுதானா?"

"இன்னொன்று. தனக்குச் சொந்தமில்லாததைத் தன்னுடையது என்று எழுதினால் சாசனம் முழுவதும் செல்லாது. அப்புறம் பிள்ளைகள் அடித்துக்கொள்ள வேண்டியதுதான்."

"அதை இன்னொரு தடவை சொல்லும்" என்றான் வடுகநாதன்.

ஐந்தாம் நாள் சபை கூடியது.

"கேட்டாயா?" என்றார் அரசர்.

"வழியை விசாரித்துவிட்டேன், அரசே. அம்பலவாணர் இருக்கும் இடத்துக்கு ஒரே வழிதான். இதுவரை போன எல்லோரும் அதில்தான் போயிருக்கிறார்கள். ஆனால் நான் அவர் வீட்டில் ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லை. என்னை நம்பி மனதில் உள்ளதைச் சொல்ல மாட்டார். வீட்டைத் தருவதாக யாரிடம் சொன்னாரோ, அவர்களே நேரில் போய்க் கேட்டு வருவதுதான் முறை."

அரசரின் மீசை லேசாக அசைந்தது. "முறைதான்" என்றார்.

தளபதி எழுந்தார். "அரசே, அடியேன் அந்த வீட்டுக் கோரிக்கையை…"

"விட்டுவிடுகிறீர்களா?" என்றான் வடுகநாதன். "அப்படியானால் ஐந்து நாள் முன்பு அரசர் முன்னிலையில் சொன்னது பொய்யா என்று கேள்வி வரும்."

தளபதி உட்கார்ந்தார்.

நல்லமங்கை சபையின் ஓரத்திலிருந்து, "நானும் போகிறேன்" என்றாள். "என்னிடமும் சொன்னார். ஏன் எழுதி வைக்கவில்லை என்று எனக்கும் அவரைக் கேட்க வேண்டும்."

"தூரப் பயணம். திரும்பும் நாள் தெரியாது" என்றான் வடுகநாதன். "ஆகவே மூவரும் முதலில் தங்கள் சாசனத்தை எழுதிவிடட்டும். குடும்பம் தவிக்கக் கூடாது."

பிச்சாண்டி எழுத்தாணியோடு உட்கார்ந்தார். விதிகளை ஒவ்வொன்றாக உரக்கச் சொன்னார். கடைசி விதியை இரண்டு தடவை சொன்னார். பிறகு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதினார்.

அமைச்சருக்கு மூன்று பிள்ளைகள். மூவரும் ஒரே வாசலில் நுழைய மாட்டார்கள். அதனால் அவர் எதையும் விடவில்லை. நான்கு வீடு, ஏழு தோப்பு, வெள்ளித் தாம்பாளம், ஊஞ்சல், விரிசல் விட்ட ஆட்டுக்கல் எல்லாம் சொன்னார். தளபதி குதிரைகளில் தொடங்கிக் கூண்டுக்கிளியில் முடித்தார். "விட்டுப்போனது ஏதாவது உண்டா?" என்று பிச்சாண்டி மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இல்லை என்றார்கள். சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். நல்லமங்கையின் ஓலை ஒரு மூச்சில் எழுதி முடிந்தது.

வடுகநாதன் மூன்றையும் வாங்கினான். பேராசை பயத்தைவிடப் பெரிதாக இருந்திருந்தால் எல்லாம் கெட்டது. முதல் ஓலையைப் படித்தான். மறுபடியும் படித்தான். பிறகு அடுத்ததை எடுத்தான்.

"அரசே, அமைச்சர் சாசனத்தில் நான்கு வீடு இருக்கிறது. கோட்டைத் தெரு வீடு இல்லை. தளபதி சாசனத்தில் கிளி இருக்கிறது. அந்த வீடு இல்லை."

"அது… நினைவு தப்பிவிட்டது" என்றார் அமைச்சர்.

"ஆட்டுக்கல் நினைவு இருந்ததே, ஐயா. விரிசல்கூட."

பிச்சாண்டி கடமை தவறாதவர். "இப்போதும் சேர்க்கலாம். சேர்க்கட்டுமா? அந்த வீடு உங்களுடையது இல்லை என்று தெரிந்தால் மற்றதும் செல்லாது. அது ஒன்றுதான்."

அமைச்சர் வாசலைப் பார்த்தார். செய்தி கேட்டு ஓடிவந்த அவருடைய மூன்று பிள்ளைகளும் மூன்று தூண்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். தளபதி அதற்கு முன்பே அசைத்துவிட்டார்.

"அந்தப் பெண் என்ன எழுதியிருக்கிறாள்?" என்றார் அரசர்.

வடுகநாதன் படித்தான். "கிழக்கே கோட்டைத் தெரு, மேற்கே அமைச்சர் தோப்பு, வடக்கே சந்து, தெற்கே வாய்க்கால். இதற்குள் கிணற்றோடு கூடிய வீடு, எனக்குப் பின் என் தங்கை மகள் பூவாயிக்கு."

"துணிந்து எழுதினாயே அம்மா" என்றார் அரசர். "மற்றதெல்லாம் செல்லாமல் போனால்?"

"மற்றது என்று எதுவும் இல்லை, அரசே."

அரசர் தூண்களுக்குப் பின்னால் நின்ற மூன்று பிள்ளைகளைப் பார்த்தார். ஆட்டுக்கல் ஞாபகம் வந்திருக்க வேண்டும், சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"பயணம் யாருக்கும் இல்லை. அம்பலவாணர் நிம்மதியாக இருக்கட்டும். வீடு இவளுடையது. பிச்சாண்டி, நம் ஆட்கள் எல்லோரும் ஆடி பிறப்பதற்குள் சாசனம் எழுதிவிட வேண்டும். சாப்பிடச் சொன்னால் சாப்பிடும், ஆனால் எழுதாமல் எழுந்து வராதீர்."

பிறகு வடுகநாதனை அருகில் அழைத்து, ஆற்றங்கரைத் தென்னந்தோப்பை அவனுக்குத் தந்ததாக அறிவித்தார். பிச்சாண்டி அங்கேயே புது ஓலை எடுத்து, நான்கு எல்லையும் குறித்து, அரசரின் முத்திரையை வாங்கினார். சபை கலைந்தது.

வடுகநாதன் ஓலையை வாங்கக் கை நீட்டினான். பிச்சாண்டி கொடுக்கவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு வெற்றோலையை எடுத்தார்.

"உமக்கு வீட்டில் இரண்டு மனைவியர் அல்லவா? உமக்குப் பிறகு இந்தத் தோப்பு யாருக்கு?"