நான்காவது ட்ரிகர்

குமுதவல்லிக்கு நாற்பத்து நான்கு வயது. நில அளவைத் துறையில் வரைவாளர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூருக்கு வெளியே ஒரு ரைபிள் கிளப்பில் படுத்துச் சுடுவார். அவருக்குக் கற்றுக்கொடுக்கும் இஸ்மாயிலுக்கு முப்பத்தைந்து. அவர் இவரை அக்கா என்பார். இவர் அவரை மாஸ்டர் என்பார்.

ரைபிளோடு வந்த ட்ரிகர் குமுதவல்லிக்குப் பிடிக்கவில்லை. கழற்றிப் பையில் போட்டார். பிறகு மூன்று ட்ரிகர்களைக் கடையிலிருந்து வரவழைத்து, பொருத்தி, சுட்டுப் பார்த்து, மூன்றையும் திருப்பி அனுப்பினார். அந்த ஞாயிறு கடை ஆள் ஜேக்கப் நான்காவதை நேரில் கொண்டுவந்தார்.

"அஞ்சு மணி பஸ்ஸுக்கு நான் போகணும், மேடம். அதுக்குள்ள வேணுமா வேண்டாமான்னு சொல்லிடுங்க. கல்யாணப் புடவைக்குக்கூட இவ்வளவு பாத்திருக்க மாட்டீங்க."

"அதை அவங்க வீட்ல எடுத்தாங்க, ஜேக்கப். இதையாவது நான் பாத்து எடுக்கிறேன்."

பிறகு அவர் இஸ்மாயிலிடம் கேட்டார்.

"இதுல அது வருமா, மாஸ்டர்?"

"சுட்டுப் பாக்காம எப்படிச் சொல்றது?"

"இதுலயும் வரலைன்னா நான் விட்டுடறேன்."

"ட்ரிகரையா?"

"சுடறதையே."

ஜேக்கப் கருவிப் பையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். இஸ்மாயில் பாயில் உட்கார்ந்தார்.

"அதை இன்னொரு தடவை சொல்லுங்கக்கா."

"உங்களுக்குத்தான் தெரியுமே."

"ஜேக்கப்புக்குத் தெரியாதே."

குமுதவல்லி சொன்னார். இருபத்து நான்கு வருடங்களுக்கு முன்னால், கல்லூரியில் படித்தபோது, என்.சி.சி. முகாம். கடைசித் தோட்டா.

"குறி பாத்துக்கிட்டே இருந்தேன். சத்தம் கேட்டது. பக்கத்துல யாரோ சுட்டாங்கன்னு நினைச்சேன். பாத்தா என் தோள்லதான் உதை விழுந்திருக்கு. நட்ட நடுவுல ஓட்டை. நான் சுட்டது எனக்கே தெரியல, மாஸ்டர். அந்த ஒரு நொடி நான் அங்க இல்லவே இல்ல."

"அந்த ட்ரிகர் எப்படி, மேடம்?" என்றார் ஜேக்கப்.

"கல்லு. ரெண்டு விரல் போட்டாத்தான் அசையும்."

ஜேக்கப் சிரித்தார். இஸ்மாயில் சிரிக்கவில்லை.

"முதல்ல பழசைப் போடுங்க" என்றார்.

குமுதவல்லியின் பையில் கிடந்த பழைய ட்ரிகரை ஜேக்கப் பொருத்தினார். குமுதவல்லி படுத்தார். இஸ்மாயில் அவரை முகம் திருப்பிக்கொள்ளச் சொல்லி, ஒரு முறை தோட்டாவையும் ஒரு முறை சுட்டுத் தீர்ந்த வெற்றுக் கூட்டையும் மாற்றி மாற்றி உள்ளே வைத்தார். எது இருக்கிறது என்று சுடுபவருக்குத் தெரியாது. வெற்றுக் கூடு இருந்த ஒவ்வொரு முறையும், வெடிக்காத ரைபிளின் முனை ஒரு நூல் கீழே குனிந்தது.

"உதைக்கு முன்னாடியே பயப்படுறேன்" என்றார் குமுதவல்லி.

"பயம் இல்ல. அவசரம். புதுசைப் போடுங்க, ஜேக்கப்."

புதிய ட்ரிகர் முதலில் கொஞ்ச தூரம் தளர்வாக வந்தது. பிறகு ஓர் இடத்தில் நின்றது. அங்கிருந்து ஒரு சின்ன அழுத்தம் போதும். மறுபடியும் தோட்டா, வெற்றுக் கூடு, வெற்றுக் கூடு, தோட்டா. இந்த முறை முனை குனியவில்லை. அதன் பிறகு பத்துத் தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டார். ஜேக்கப் தொலைநோக்கியில் பார்த்து எண்ணினார்.

"நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு! மேடம், இதுக்கு மேல என்ன வேணும்?"

குமுதவல்லி எழுந்திருக்கவில்லை. கன்னத்தை ரைபிள் கட்டையிலேயே வைத்திருந்தார்.

"வந்ததா?" என்றார் இஸ்மாயில்.

"பத்து வந்தது. அது வரல. ஒவ்வொண்ணும் எப்பப் போகும்னு எனக்கு முன்னாடியே தெரியுது."

"ட்ரிகர்ல குறை ஏதாவது?"

"குறையே இல்ல. நான் பாத்ததுல இதுதான் நல்லது."

"அப்ப வச்சுக்கோங்க."

"எதுக்கு?"

"போன தடவை மாநிலத் தேர்வு எத்தனை புள்ளியில போச்சு?"

"ரெண்டு."

"இது அந்த ரெண்டைக் கொடுக்கும்."

"எனக்கு ரெண்டு புள்ளி வேண்டாம், மாஸ்டர்." குமுதவல்லி இப்போது எழுந்து உட்கார்ந்தார். "படம் வரையும்போது நினைச்சுக்கிறேன். சமைக்கும்போது நினைச்சுக்கிறேன். ஒரு நொடி. அதுக்கு ஒரு ரைபிள், நாலு ட்ரிகர். வீட்ல சிரிக்கிறாங்க. அம்மாவுக்கு வாய்தான் துப்பாக்கின்னு நினைச்சோம், நிஜத் துப்பாக்கியும் வேணுமாம்ங்கிறான் பையன்."

"நல்லாத்தான் சொல்றான்."

"நீங்களும் சிரிங்க. உங்களுக்கு என்ன? சுவர் கொள்ளாத மெடல். உங்களுக்கு அது தினம் வரும்."

இஸ்மாயில் ரைபிளை எடுத்து, குழல் காலியா என்று பார்த்து, துணியால் துடைத்தார்.

"கடைசியா எப்ப வந்தது, மாஸ்டர்? அதையாவது சொல்லுங்க. கேட்டுக்கிறேன்."

"வந்ததில்ல."

"விளையாடாதீங்க."

"பதினெட்டு வருஷமா சுடறேன். ஒவ்வொரு தோட்டாவும் எப்பப் போகும்னு எனக்குத் தெரியும். அதனாலதான் மெடல் வந்தது."

ஜேக்கப் மணி பார்க்கக் கையைத் தூக்கினார். பார்க்காமலே இறக்கிக்கொண்டார்.

"ஒரு தடவைகூடவா?" என்றார் குமுதவல்லி.

"ஒரு தடவைகூட."

"அப்புறம் ஏன் விடல?"

இஸ்மாயில் ரைபிளை அவர் பக்கம் பாயில் வைத்தார்.

"விடறதாத்தான் இருந்தேன். கிளப் சாவியைக்கூட செயலாளர்கிட்ட கொடுத்தாச்சு. அன்னைக்குன்னு பாத்து சேர வந்த ஒரு அக்கா, தனக்கு ஒரு தடவை வந்ததுன்னு சொன்னாங்க. சாவியைத் திருப்பி வாங்கிக்கிட்டேன்."

குமுதவல்லி தோட்டாப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.