தாண்டவராயர் பரங்கி பறிக்கப் போன மாலை

"அம்மா, கண் போனவனுக்கு ஞானம் கிடைக்குமா?"

தாண்டவராயர்தான் கேட்டார்.

உமையாள் அம்மை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"யாருக்குக் கண் போயிற்று?"

"யாருக்கும் இல்லை. சும்மா கேட்டேன்."

"சும்மா கேட்டதற்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லையே. பரங்கி பூத்துவிட்டதா?"

"பூத்திருக்கிறது."

"போய்ப் பாருங்கள்."

அவர் எழுந்து போனார். வெயில் இருந்தது. பாதை தெரிந்தது.

*

ஆற்றங்கரையில் அந்தச் சிறிய மடம் இருந்தது. எட்டுப் பேர் இருந்தார்கள். குருவின் இடத்தில் இருந்த உமையாள் அம்மைக்கு வயது முப்பத்துநான்கு. சீடர் தாண்டவராயருக்கு ஐம்பத்தொன்று.

மடத்துக்கு வருமுன் அவர் கல்யாணச் சமையல்காரர். முந்நூறு இலைக்கு ஒற்றை ஆளாக நின்று குழம்பு இறக்குவார். ருசி பார்க்கிறேன் என்று ஆரம்பித்தால் கரண்டி கீழே இறங்காது. பெண்டாட்டி பிள்ளை கிடையாது. நாக்கு ஒன்றுதான் சொந்தம்.

ஒரு நாள் அதன் மேலேயே அவருக்கு வெறுப்பு வந்தது. மடத்துக்கு வந்தார். வந்த அன்றே சந்நிதியில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தார். இனி ஆயுசுக்கும் கஞ்சியும் உப்பும்தான். காய் இல்லை, கீரை இல்லை, பால் இல்லை, நெய் இல்லை.

அப்போது பழைய குரு இருந்தார். கேட்டுவிட்டு, "அப்படியா" என்றார். அவ்வளவுதான்.

மூன்று வருஷம் ஓடிவிட்டது. மற்றவர்கள் தாண்டவராயரைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார்கள். அது அவருக்குத் தெரியும். பிடிக்கவும் பிடித்திருந்தது.

*

கார்த்திகையில் ஒரு மாலை, சந்நிதி விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பினார். சுடர் தெரிந்தது. சுடரைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

தூண் இல்லை. படி இல்லை. தன் கையே இல்லை.

மேகமாக இருக்கும் என்று நினைத்தார். மறுநாள் மேகம் இல்லை. அன்றும் அப்படித்தான்.

அன்றிலிருந்து அவர் பொழுதை விரட்ட ஆரம்பித்தார். தண்ணீர் இறைப்பதும் மாட்டைக் கட்டுவதும் வெளிச்சத்திலேயே முடிந்தாக வேண்டும். கிணற்றிலிருந்து அடுக்களைக்கு நாற்பத்திரண்டு அடி. அடுக்களையிலிருந்து சந்நிதிக்குப் பத்தொன்பது. இருட்டியதும் ஓர் ஓரமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். தியானம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அவர் உள்ளுக்குள் ஒன்றையே உருட்டிக்கொண்டிருந்தார். குருடனை மடத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? போ என்றால் எங்கே போவது? இது என்ன தண்டனை? நான்தான் நாக்கைக் கட்டிவிட்டேனே, கண்ணை ஏன் பிடுங்குகிறாய்?

யாரிடமும் சொல்லவில்லை.

*

காலையில் கண் நன்றாகத் தெரிந்தது. காலைகளை அவர் தோட்டத்துக்குக் கொடுத்தார்.

மார்கழியில் ஊன்றிய பரங்கி மாசியில் கொல்லை முழுக்கப் படர்ந்துவிட்டது. பூவும் தங்கத் தட்டுமாதிரி விரிந்தது. ஆனால் பிஞ்சு நிற்கவில்லை. கோலிக்குண்டு அளவுக்கு வந்து, மஞ்சளாகி, உதிர்ந்து உதிர்ந்து விழுந்தது.

தாண்டவராயர் பதறிப்போனார். இரண்டு வேளை தண்ணீர் விட்டார். மூன்று வேளை விட்டார். பிஞ்சு இன்னும் வேகமாக விழுந்தது.

ஊர் மருத்துவச்சி பூவாயி பரங்கிக் கொழுந்து பறிக்க வருவாள். பிள்ளை பெற்றவர்களுக்கு ரத்தம் ஊற அந்தக் கொழுந்தைத்தான் பொரியல் செய்து கொடுக்கச் சொல்வாள். அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்ன சாமி, கொடியக் குளிப்பாட்டுறீங்களா? தண்ணிய நிறுத்துங்க. இந்த வருசம் தேனீயே காணோம். அதான் காய் புடிக்கல."

"அதுக்கு நான் என்ன செய்ய அக்கா?"

அவள் ஒரு பூவைக் காட்டினாள். "இது ஆம்பளப் பூ. வெறுங்காம்பு." இன்னொன்றைக் காட்டினாள். "இது பொம்பளப் பூ. அடியில குட்டிக் காய் இருக்கு பாருங்க." ஆண் பூவின் இதழைக் கிள்ளிப் போட்டுவிட்டு, நடுவிலிருந்த மகரந்தத்தைப் பெண் பூவில் மெல்லத் தொட்டுத் தடவினாள். "விடியக்காலையில பூ விரிஞ்சிருக்கும்போதே தொட்டு விட்டுருங்க. வெயில் ஏறுனா மூடிக்கும்."

மறுநாளிலிருந்து தாண்டவராயர் தேனீயின் வேலையைச் செய்தார். பூப்பூவாகக் குனிந்து தொட்டார். பத்து நாளில் பிஞ்சு நின்றது. நின்ற காய்க்கு அடியில் வைக்கோல் போட்டார். எந்தக் காய் எங்கே என்று மனசுக்குள் ஒரு படமே வைத்திருந்தார்.

பங்குனிக் கடைசியில் முதல் காய்கள் பழுத்தன. அடுக்களைக்குப் போயின. ஊருக்குள்ளும் போயின. எல்லோரும் சாப்பிட்டார்கள். தாண்டவராயர் கஞ்சி குடித்தார்.

*

பூவாயி ஒரு காலை வந்து, மேற்கு எல்லையோரக் கொடியில் கிடந்த ஒரு காயைத் தட்டிப் பார்த்தாள். புடவை ஓரத்தைக் கிழித்து அதன் காம்பில் கட்டினாள்.

"சாமி, இத யாருக்கும் குடுத்துராதீங்க. இன்னும் ஒரு வாரத்துல நல்லா செவந்துரும். தெக்குத் தெருவுல ஒரு பொம்பளப் புள்ளைக்கு வேணும்."

"என்ன அந்தப் பிள்ளைக்கு?"

"மாலைக்கண்ணு. பொழுது சாஞ்சா செவுத்துல போயி முட்டிக்குது. அஞ்சு வயசு."

தாண்டவராயர் கையிலிருந்த களைக்கொட்டு அசையவில்லை.

"எதனால வருது அக்கா அது?"

"எதனாலன்னா? வெறுங்கஞ்சியே குடிச்சு வளருது. வேற என்ன இருக்கு அந்த வீட்ல? உடம்புல சத்து இல்லன்னா மொதல்ல சாயங்காலக் கண்ணுதான் போகும். பரங்கிய வேகவெச்சு ஒரு சொட்டு எண்ணெயோட தெனம் குடுத்தா திரும்பிரும். கீரையும் வேணும்."

"குடுக்காம விட்டா?"

"விட்டா பகல் கண்ணும் போயிரும் சாமி. ரெண்டு புள்ளைகளப் பாத்திருக்கேன். கருமுழி வெந்த மாதிரி ஆயிரும். அப்புறம் சாமியே வந்தாலும் முடியாது."

அவள் கொழுந்து பறித்துக்கொண்டு போனாள்.

தாண்டவராயர் சுற்றிலும் பார்த்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் பரங்கி. தன் கையால் ஊன்றியது, தன் கையால் பூவைத் தொட்டுக் காய்க்க வைத்தது.

அன்று அவருக்குக் கஞ்சி இறங்கவில்லை.

*

மூன்று நாள் கழித்து, பிற்பகலில், அம்மையிடம் வந்தார்.

"அம்மா, ஒருவன் தெய்வத்தின் முன்னால் சத்தியம் செய்திருக்கிறான். அதைக் காப்பாற்றினால் அவனுக்குக் கெடுதல். விட்டால் சத்தியம் போகிறது. அவன் என்ன செய்ய வேண்டும்?"

"யார் அவன்?"

அவர் பார்வை கொல்லைப் பக்கம் போயிற்று.

"தெரிந்த ஒருவன்."

அம்மை அவரைப் பார்த்தாள்.

"விளக்கேற்றியதும் கொல்லைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய காயாக ஒன்று பறித்துக்கொண்டு வாருங்கள்."

"இப்போதே பறித்து வந்துவிடுகிறேனே, அம்மா. வெயில் நன்றாக..."

"விளக்கேற்றிய பிறகு."

"காலையில் பறித்தால் காம்பில் பால் நிற்கும். காய் கெடாது."

"தாண்டவராயரே."

"சரி, அம்மா."

*

விளக்கை ஏற்றினார். சுடர் மட்டும் நின்றது. உலகம் போய்விட்டது.

கொல்லைப் படலுக்கு அறுபத்தேழு அடி. அதுவரை எண்ணிக்கொண்டு வந்துவிட்டார். படலைத் தாண்டியபின் எண்ண ஒன்றும் இல்லை. கொடி எண்ணுக்கு அடங்கியா படரும்?

குனிந்து கையால் துழாவினார். இலைச் சுணை முழங்கை வரை அரித்தது. பெரிய காய் நடுப்பாத்தியில் இருக்கிறது, வலது பக்கம் நான்கு எட்டு. நான்கு எட்டு வைத்தார். இல்லை. இன்னும் இரண்டு. காலடியில் ஏதோ மெத்தென்று நசுங்கியது. அவசரமாகத் திரும்பினார். மறு காலடியில் இன்னொன்று சடக்கென்றது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பதும் இப்போது தெரியவில்லை. வேட்டி முழுக்க வியர்வை.

கை உருண்டையாக, குளிர்ச்சியாக ஒன்றில் பட்டது. அப்பாடா. காம்பைத் தேடினார். காம்பு அகப்படவில்லை. கட்டிப்பிடித்து இழுத்தார். வரவில்லை. மண்டியிட்டு, இரண்டு கையாலும் பற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்.

"அது எல்லைக்கல், ஐயா."

பத்தடி தள்ளி அம்மையின் குரல் கேட்டது.

தாண்டவராயர் கல்லை விடவில்லை. அதன்மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு அழுதார். ஐம்பத்தொரு வயது ஆள் அழுகிற மாதிரி இல்லை.

"எனக்குக் கண் தெரியவில்லை, அம்மா. கார்த்திகையிலிருந்து தெரியவில்லை."

"ம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"மாசியிலிருந்து தெரியும். திரியைப் பார்க்காமல் தடவிப் பார்த்து ஏற்றுகிறீர்கள்."

"ஏன் கேட்கவில்லை?"

"இரண்டு தடவை கேட்டேன்."

அம்மை வந்து அவர் கையைப் பிடித்தாள். அறுபத்தேழு அடியும் நடத்திக் கூட்டிவந்தாள்.

வழியில் அவர் கெஞ்சினார். "சாப்பிடு என்று ஓர் உத்தரவு போடுங்கள், அம்மா. போதும். சாப்பிட்டுவிடுகிறேன்."

"போட்டால், சத்தியத்தை உடைத்தது நானாகிவிடும். அதுதானே வேண்டும் உங்களுக்கு?"



*

விடிந்ததும் கொல்லைக்குப் போனார்.

மேற்கு எல்லையோரக் கொடி மிதிபட்டுக் கிடந்தது. இரண்டு பிஞ்சுகள் கூழாகியிருந்தன. தண்டு அடியிலேயே நைந்து, இலைகளெல்லாம் துவண்டு தொங்கின. புடவைத் துணி கட்டிய காய் காம்பு ஒடிந்து தனியாகப் புரண்டு கிடந்தது. பாதி பச்சை, பாதி மஞ்சள். அதன் பக்கத்தில் மண்ணில் ஒரு கால்தடம்.

தன் காலை அதன்மேல் வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது.

அம்மை பின்னால் வந்து நின்றாள்.

"நீங்கள்தானே அனுப்பினீர்கள்!" என்று கத்தினார். குருவிடம் அவர் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "தெரிந்தும் அனுப்பினீர்களே!"

"ஆமாம். வாசலிலேயே சொல்லிவிடுவீர்கள் என்று நினைத்தேன். படலிலாவது சொல்வீர்கள் என்று நினைத்தேன். தப்பாக நினைத்துவிட்டேன். இந்தக் கொடியில் என் மிதியும் உண்டு."

பூவாயி கூடையோடு வந்தாள். கொடியைப் பார்த்தாள். மாடு புகுந்ததா என்று கேட்க வாயெடுத்தாள். தாண்டவராயர் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை.

"நான்தான் அக்கா. எனக்கும் மாலைக்கண். கண் தெரியாமல் மிதித்துவிட்டேன்."

பூவாயி கூடையைக் கீழே வைத்தாள். ஒடிந்த காயை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது செவக்கலையே சாமி. சத்து இன்னும் முழுசா ஏறலையே." கொஞ்சம் யோசித்தாள். "சரி, நடுப்பாத்தியில ஒண்ணு பெருசாக் கெடக்கே, அதுல பாதி தாங்க. மிச்ச நாளைக்குக் கீரைய வெச்சு ஒப்பேத்திக்கிறேன். அந்தப் புள்ள ராத்திரியும் தடுக்கி விழுந்துச்சு. நெத்தியில ரத்தக்கட்டு."

தாண்டவராயர் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எட்டு மாசமா கண்ணு தெரியலன்னு அது யார்கிட்டயும் சொல்லவே இல்ல சாமி" என்றாள் பூவாயி. "அடிப்பாங்கன்னு பயம். அஞ்சு வயசுக்கு என்ன தெரியும்."

*

பெரிய காயைத் தாண்டவராயரே பறித்து வந்தார். அரிவாள்மணையில் வைத்து அரிந்தார். உள்ளே செங்காவி நிறம். பாதியைப் பூவாயியின் கூடையில் வைத்தார். மீதியை அடுக்களைக்கு எடுத்துப்போய், மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அடுப்பின் முன்னால் நின்றார்.

ருசி பார்க்கவில்லை. எண்ணெய் மட்டும் ஒரு சொட்டு கூடவே விட்டார்.

பகல் சாப்பாட்டுக்கு எல்லோருக்கும் இலை விழுந்தது. உமையாள் அம்மை பரிமாறினாள். தாண்டவராயர் முன்னால் வழக்கம்போல் கஞ்சிக் கலயத்தையும் உப்பையும் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

"அம்மா."

அவள் நின்றாள்.

அவர் கலயத்தை ஓரமாக நகர்த்தினார். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்தது. பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு முகமும் தெளிவாகத் தெரிந்தது.

"எனக்கும் பரங்கிக்காய் போடுங்கள்."

அம்மை ஒரு கரண்டி போட்டாள்.

எடுத்து வாயில் வைத்தார். இனித்தது. விழுங்கினார்.

"எத்தனை நாளில் திரும்பும், அம்மா?"

"தெரியாது."

"திரும்பிவிடுமா?"

"திரும்பாமலும் போகலாம்."

தாண்டவராயர் இலையைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் போடுங்கள்" என்றார்.