வாடாத அறை

வீட்டுக்குள் காடு வேண்டும், ஆனால் கொசு வேண்டாம் என்பவர்கள் கோவையில் நிறையப் பேர். அவர்களுக்கு உள் அலங்காரம் செய்து கொடுத்தே பெயர் வாங்கியவர் திருமாறன். அவருக்கு ஒரு குரு உண்டு. அவரைவிட வயதில் இளைய பெண்மணி. ஊருக்கு வெளியே ஓட்டு வீட்டில் இருந்தார். எல்லோரும் அவரை அம்மா என்றே அழைத்தார்கள்.

ஒருநாள் திருமாறன் அம்மாவின் முன் வந்து உட்கார்ந்தார். முகம் சரியில்லை.

"என் சம்சாரத்துக்கு நான் பண்றது எதுவுமே பிடிக்கலைங்க அம்மா," என்றார்.

அவர் மனைவி கோமளா படுத்த படுக்கையாகி மாதக்கணக்காகிவிட்டது. டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். வெளியே போக முடியாதவளுக்காக அவள் அறையையே திருமாறன் தோட்டமாக்கியிருந்தார். சுவர் முழுக்கக் கொடி, மூலைக்கு மூலை தொட்டி, கல்மேல் வழியும் தண்ணீர்.

"பார்த்துப் பார்த்துச் செஞ்சு வெச்சா, இலையைப் பிச்சு எடுக்கறா. கேட்டா வாயே திறக்கறதில்லை."

"எந்த இலையை?"

"அதெல்லாம் கவனிக்கலைங்க. என் மேல இருக்கற கோவத்தைச் செடி மேல காட்டறா. நான் என்னதான் செய்யறது?"

 அம்மா எழுந்து அவரோடு கிளம்பினார்.

அவர்கள் போனபோது வீட்டு வாசலில் நர்சரி வண்டி நின்றது. வாடகைக்குச் செடி வைப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வாரம் ஒருமுறை ஆள் வந்து பார்ப்பார். ஓர் இலை மஞ்சளானாலும் போதும், தொட்டியோடு தூக்கிவிட்டு அதே இடத்தில் அதே உயரத்தில் புதிதாக ஒன்றை வைத்துவிடுவார். போன செடி என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. கட்டிய மனைவியின் அறைக்கும் திருமாறன் அதே ஏற்பாட்டைத்தான் செய்திருந்தார். அதையும் அன்பால்தான் செய்தார்.

நர்சரிக்காரர் ஜன்னலோரத் தொட்டியைத் தூக்கினார்.

"அது இருக்கட்டுமே," என்றாள் கோமளா.

"இதைவிட நல்லதா வருது, கோமு," என்ற திருமாறன் நர்சரிக்காரருக்குக் கதவைத் திறந்துவிட்டு வாசல் வரை கூடவே போனார்.

திரும்பி வந்தபோது அம்மா கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். கோமளாவின் கையைப் பிடித்திருந்தார். தலையணை விலகியிருந்தது. அதன் அடியில் ஒரு கைப்பிடி இலைகள்.

"பார்த்தீங்களா அம்மா! பிச்சுப் பிச்சு ஒளிச்சு வெச்சிருக்கா."

"நல்லாப் பாருங்க. ஒண்ணாவது பச்சையா இருக்கா?"

இல்லை. எல்லாம் மஞ்சள். சில, சருகாகவே ஆகிவிட்டிருந்தன. கோமளா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

திருமாறன் அம்மாவைக் கூடத்துக்கு அழைத்து வந்தார்.

"வாடின இலையை எதுக்குங்க ஒளிச்சு வைக்கணும்?"

"உங்க கண்ணுல பட்டா செடியே போயிருமே."

"அது தொழில் முறைங்க அம்மா. வாடினது ஒண்ணு இருந்தாலும் ரூமே செத்துப்போன மாதிரி ஆயிரும்."

"இதை அந்த ரூம்ல நின்னு சொல்லியிருக்கீங்களா?"

திருமாறன் யோசித்தார்.

"நர்சரிக்காரர்கிட்ட சொல்லுவேன். ஒவ்வொரு தடவையும் சொல்றதுதான்."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. 

"இன்னைக்கே வண்டியை நிறுத்திடறேங்க. வாடினாலும் அங்கயே கிடக்கட்டும். அவளுக்கு மனசு சரியாயிருமில்லைங்களா?"

அம்மா அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீங்க தொட்டியோட வெளிய போனப்ப கோமளா என்கிட்ட ஒண்ணு கேட்டாங்க."

"என்ன கேட்டா?"

"'என்னைய எந்த வாரம் எடுக்கறாங்கன்னு அவரு உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாராம்மா'ன்னு கேட்டாங்க."