சேவுகப்பர் மேல் சேவுகப்பர் விசாரித்த வழக்கு

பெரியவர்களே, பொடிசுகளே, கொஞ்சம் காது கொடுங்கள். ராஜா கோட்டைக்குள்ளும் நியாயம் ஊர்ச் சாவடியிலும் குடியிருந்த காலம் அது. நெடுங்கரை என்ற ஊரில் சேவுகப்பர் என்றொரு நியாயக்காரர் இருந்தார். ஊரிலே ஓட்டு வீடு அவருடையது ஒன்றுதான். மூளையும் தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று அவருக்கு நினைப்பு.

ஒருநாள் அவர் வீட்டு இறவாரத்தில் குளவி கூடு கட்டியது. ஆளைக் கூப்பிடலாம் என்றாள் மனைவி.

"ஊர் வழக்கையெல்லாம் தீர்த்தவன், ஒரு குளவியைத் தீர்க்க மாட்டேனா?" என்று பனையோலைப் பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு ஏணியில் ஏறினார்.

குளவி அவர் மூக்கைப் பதம் பார்த்தது. "ஐயோ!" என்று கையை உதறினார். பந்தம் பறந்து பக்கத்துக் கூரையில் விழுந்தது. தறிக்காரர் வீடு போயிற்று, செக்காட்டுகிறவர் வீடு போயிற்று, பூக்கட்டும் நல்லக்காள் வீடும் போயிற்று. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஓட்டு வீட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. குளவிக்கூடுகூடப் பத்திரமாக இருந்தது.

அது ஐப்பசி மாதம். மேகம் கூடிக்கொண்டிருந்தது. மூன்று குடும்பமும் பிள்ளைகுட்டிகளோடு வந்து சாவடி முற்றத்தில் நின்றன.

"நியாயம் சொல்லணும், ஐயா," என்றாள் நல்லக்காள்.

"யார் மேலம்மா வழக்கு?"

"உங்க மேலதாங்க."

நியாயக்காரர் சாவடிக்குள் கல்லில் உட்காருவதும், குற்றம் சுமந்தவன் முற்றத்தில் நிற்பதும் அந்த ஊர் வழக்கம். வேறு நியாயக்காரரோ இல்லை. ஆகவே சேவுகப்பர் உள்ளே போய்க் கேள்வி கேட்டார். வெளியே ஓடிவந்து பதில் சொன்னார்.

"ஏண்டா தீ வச்சே?"

"நான் எங்கே வச்சேன்? குளவி கொட்டிடுச்சு!"

உள்ளே போய், "நியாயந்தான்," என்று தலையாட்டினார். மறுபடி வெளியே வந்து, "காத்து அடிச்சுது," என்றார். அதுவும் நியாயமாகவே பட்டது. மூன்றாம் தடவை வந்து, "ஓலையிலே கூரை போட்டது யார் தப்பு?" என்றார். சொல்லும்போதே வீங்கிய மூக்கு இன்னும் சிவந்தது. வேறொருவன் இந்தச் சாக்கைச் சொல்லியிருந்தால் காறித் துப்பியிருப்பார்.

அந்நேரம் பார்த்துச் சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. சேவுகப்பர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே பாய்ந்தார். கல்லில் உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் அதட்டினார்.

"தீர்ப்பு சொல்றதுக்குள்ளே ஏண்டா உள்ளே ஓடி வந்தே?"

"மழை பெய்யுதே, மனுஷனுக்குக் கூரை வேண்டாமா?" என்றது அவர் வாய்.

சொன்னபிறகுதான் வெளியே பார்த்தார். நல்லக்காள் ஒரு முறத்தைப் பிள்ளையின் தலைக்குமேல் பிடித்தபடி நனைந்துகொண்டிருந்தாள். அவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

"இப்படியொரு மடக் குற்றவாளியை நான் பார்த்ததில்லே. இப்படியொரு மட நியாயக்காரனையும் பார்த்ததில்லே. எல்லாரும் உள்ளே வாங்க. தீர்ப்பைக் கேளுங்க. இவன் வேணும்னு செய்யலே, அதனாலே சவுக்கடி கிடையாது. ஆனா பந்தம் பிடிச்ச கை இவன் கை. மூணு வீட்டையும் இவனே கட்டிக் கொடுக்கணும். அதுவரைக்கும் அவங்க ஓட்டு வீட்டிலே இருக்கட்டும், இவன் சாவடியிலே கிடக்கட்டும்."

அவர் வேய்ந்த முதல் கூரை ஒழுகியது. ஊரே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே அதைப் பிரித்து மறுபடி வேய்ந்தார்.

அறியாமல் வைத்த தீயானாலும், வைத்தவன்தான் எரிந்த கூரையை வேய்ந்து கொடுக்க வேண்டும்.